வடக்குச் சொந்தமா, தெற்குச் சொந்தமா

கல்யாண வீடுகளில் என்னிடம் இரண்டு கேள்விகள் கேட்பார்கள். முதல் கேள்வியை இங்கே எழுதத் தேவையில்லை. நாற்பது வயதில் தனியாக வந்து பந்தியில் உட்காரும் பெண்ணிடம் எல்லா ஊரிலும் கேட்பதுதான். இரண்டாவது, நான் என்ன வேலை பார்க்கிறேன் என்பது. பறவைகளில் யார் யாருக்கு உறவு என்று கண்டுபிடிக்கிற வேலை என்பேன். ராஜபாளையத்தில் ஒரு கல்யாணத்தில் என் பெரியம்மா இதைக் கேட்டுவிட்டு, பங்காளி யார், மாமன் மச்சான் யார் என்று மனுசருக்கே தெரியாமல் பத்திரிகை வைக்க விட்டுப்போய் வீட்டுக்கு வீடு சண்டை நடக்கிறது, இவள் குருவிக்கு முறை பார்க்கிறாளாம் என்று பந்தி முழுக்கக் கேட்கும்படி சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்போது சிரிக்க முடிந்தது.

இப்போது யாராவது கேட்டால், காலேஜில் விலங்கியல் பாடம் எடுக்கிறேன் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். அதுவும் உண்மைதான். உறவு கண்டுபிடிக்கிற வேலையை நான் எப்படிக் கெடுத்தேன் என்பதை இதுவரை வாய்விட்டுச் சொன்னது மூன்றே பேரிடம். இங்கே எழுதுகிறேன், ஆனால் யாருடைய பெயரையும் எழுதப் போவதில்லை. என் பெயர் உட்பட.

எங்கள் பக்கத்து ஊரான ஸ்ரீவில்லிபுத்தூரில் பறவை என்றால் கிளிதான். ஆண்டாள் கையில் இலையால் செய்து வைக்கிற கிளிக்கு இருக்கிற மரியாதை, உயிரோடு இருக்கிற வேறு எந்தப் பறவைக்கும் கிடையாது. நான் சொல்லப்போகிற பறவையையும் மலையில் சோலைக்கிளி என்றுதான் சொல்கிறார்கள். ஆனால் கிளிக்கும் அதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. சிட்டுக்குருவியைவிடக் கொஞ்சம் பெரியது. நீலம், வயிறு மட்டும் வெளுப்பு. மலை முகட்டில், மேகம் வந்து தங்குகிற மடிப்புகளில் இருக்கும் சோலைக்காட்டுக்குள், ஈரத் தரையில் தத்தி நடந்து புழு பொறுக்கும். விடிவதற்குக் கொஞ்சம் முன்னால் பாடும். பாதியில் நிறுத்திவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கிற பாட்டு.

இந்தப் பறவை கீழே இறங்காது. ராஜபாளையமும் தென்காசியும் தேனியுமாக நாம் குடியிருக்கிற வெக்கை நிலமெல்லாம் அதற்குக் கடல் மாதிரி. குளிர்ந்த முகடுகள்தான் கரை. உலகம் இன்னும் குளிராக இருந்த காலத்தில் சோலைகள் கீழே வரைக்கும் படர்ந்து கிடந்தன, பறவைகளும் மலைக்கு மலை போய்வந்தன. சூடு ஏற ஏறக் காடு மேலே ஒதுங்கியது, பறவையும் கூடவே ஒதுங்கியது. ஒரே குடும்பம் ஆளுக்கொரு முகட்டில் நின்றுவிட்டது. போக்குவரத்து இல்லாமல் நிறைய காலம் போனால் ரத்தமே மாறிவிடும். செங்கோட்டைக் கணவாய்க்குத் தெற்கே இருக்கிற சோலைக்கிளி ஒரு இனம், வடக்கே இருப்பது வேறு இனம் என்று ஆகிப்போனது அப்படித்தான்.

எங்கள் மலை அந்தக் கணவாய்க்குச் சற்று வடக்கே நிற்கிறது. ஆகவே இங்குள்ளதும் வடக்குச் சொந்தம்தான் என்று எல்லோரும் எழுதிக்கொண்டிருந்தார்கள். யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. கணவாய்க்குப் பக்கத்தில் இருப்பதால் தெற்கின் சொந்தமாகவும் இருக்கலாம். இரண்டும் இல்லாத தனிக் கிளையாகவும் இருக்கலாம். அப்படி இருந்தால் உலகத்தில் வேறெங்கும் இல்லாத ஒரு பறவை, எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டிலிருந்து பார்த்தால் தெரிகிற முகட்டில் பாடிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். கண்ணால் பார்த்து இதைச் சொல்ல முடியாது. ரத்தத்தில்தான் தெரியும். அந்த ரத்தத்தை எடுக்கத்தான் நான் போனேன்.

கூட வந்தவர் செண்பகத்தோப்புக்கு மேலே உள்ள குடியிருப்பைச் சேர்ந்தவர். வேட்டைத் தடுப்புக் காவலர், தற்காலிக வேலை. என்னைவிட ஒன்றிரண்டு வயது இளையவராக இருப்பார், ஆனாலும் நான் அண்ணே என்றுதான் கூப்பிட்டேன். அவர் என்னை டீச்சர் என்றார். முதல் நாள் மலையேறும்போது, மரபணு, கிளை, பிரிவு என்று வகுப்பில் பேசுவது போலப் பேசிக்கொண்டே போனேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரு இடத்தில் நின்றார்.

"அப்ப இது வடக்க உள்ளதுக்குச் சொந்தமா, தெக்க உள்ளதுக்குச் சொந்தமா? அதச் சொல்லுங்க டீச்சர். மத்ததெல்லாம் பொறவு பாப்பம்."

அவ்வளவுதான் கேள்வி. என் ஆராய்ச்சித் திட்டத்தில் பன்னிரண்டு பக்கத்துக்கு நீட்டி எழுதியிருந்ததும் அதுதான். அவருக்கு அதில் ஒரு கட்சியும் இருந்தது. தெற்கு மலையில் பதிவுசெய்த பாட்டைப் போனில் போட்டுக் காட்டினேன். நம்ம காட்டுப் பேச்சு இல்லை என்றார். வடக்கில் பதிவுசெய்ததைப் போட்டேன். அதுவும் இல்லை என்றார். பாட்டை வைத்து முடிவு செய்ய முடியாது அண்ணே, ரத்தம் வரட்டும் என்று நான் பெரிய ஆளாகப் பதில் சொன்னேன்.

எங்கள் வேலை இப்படி நடக்கும். விடியுமுன் இரண்டு கம்புக்கு நடுவே மெல்லிய நைலான் வலை கட்டுவோம். பறவை விழுந்ததும் சிக்கெடுத்துத் துணிப்பையில் போட்டுக் கிளையில் தொங்கவிடுவோம். இருட்டில் அது அடங்கி இருக்கும். பிறகு எடுத்து, காலில் எண் பொறித்த அலுமினிய வளையம் மாட்டி, இறக்கைக்கு அடியில் ஓடும் ரத்தக்குழாயை ஊசியால் தொட்டு ஒரு சொட்டு ரத்தம். அதை ஸ்பிரிட் ஊற்றிய குப்பியில் விட்டு, எண்ணையும் இடத்தையும் பென்சிலால் எழுதிய துண்டுக் காகிதத்தையும் அதே குப்பிக்குள் போட வேண்டும். ஸ்பிரிட்டில் மை கரையும், பென்சில் கரையாது. இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு முதல் நாளே சொல்லிக்கொடுப்பது இது. கடைசியாக அளவும் படமும் எடுத்துவிட்டுக் கையை விரித்தால் பறவை போய்விடும். எப்படிப் போனது என்று பதிவேட்டில் எழுத வேண்டும். நன்றாகப் பறந்தது, தயங்கிப் பறந்தது, செத்தது. மூன்றில் ஒன்று. கீழே என் கையெழுத்து, சாட்சியாக அவர் கையெழுத்து.

ஸ்பிரிட் பாட்டிலோடு செக்போஸ்டைத் தாண்டுவதே தனிக் கூத்து. மூடியைத் திறந்து மோந்து பார்த்த காவலர் ஒருவர், மேலே போய்க் குருவிக்கு ஊற்றிக் கொடுத்துத்தான் பாட வைப்பீர்களோ என்று கேட்டார். அடுத்த மூன்று வருடமும் அதையே கேட்டார்.

துணிப்பை விஷயத்தைச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் தெருவுக்குத் தெரு தறிதான். பேண்டேஜ் துணிதான் சோறு போடுகிறது. என் தம்பி அப்போது ஒரு பேண்டேஜ் கம்பெனியில் வேலை பார்த்தான். எனக்காகச் சலவை செய்த துணி ஒரு கட்டு கொண்டுவந்தான். வெள்ளை வெளேரென்று மெத்தென்று இருந்தது. பறவைக்கு இதமாக இருக்கும் என்று இரண்டு மடிப்பாக மடித்து நானே உட்கார்ந்து பைகள் தைத்தேன். மற்ற ஆராய்ச்சிக்காரர்கள் முரட்டுக் காடாத் துணியில் பை வைத்திருப்பதைப் பார்த்து எனக்குக் கொஞ்சம் இளக்காரம்கூட.

காடாத் துணியில் கஞ்சி இருக்கும், தண்ணீர் சட்டென்று உள்ளே இறங்காது. பேண்டேஜ் துணியைச் சலவை செய்வதே அது ஈரத்தை உறிஞ்ச வேண்டும் என்பதற்காகத்தான். ஒரு துண்டைத் தண்ணீரில் போட்டு எத்தனை விநாடியில் மூழ்குகிறது என்று பார்த்துத்தான் சரக்கையே பாஸ் பண்ணுவார்கள். அந்தச் சோதனையை எட்டு வயதிலிருந்து பார்த்தவள் நான். எங்கள் ஊர்க்காரியைத் தவிர வேறு யாருக்கும் அந்தத் துணியில் பை தைக்கத் தோன்றியிருக்காது. எங்கள் ஊர்க்காரிக்கும் தோன்றியிருக்கக் கூடாது.

மூன்று பருவத்தில் எங்கள் மலையில் எட்டுப் பறவைகள் கிடைத்தன. சோலை சின்னது, ஒன்றரை மணி நேரத்தில் சுற்றி வந்துவிடலாம். அங்கே எட்டே அதிகம். ஒன்பதாவது, மூன்றாவது பருவத்தில் எங்கள் மலைக்கென்று வைத்திருந்த கடைசி வாரத்தில், வைகாசியில் விழுந்தது. வளையம் மாட்டினேன், ரத்தம் எடுத்தேன். படம் எடுப்பது மட்டும்தான் பாக்கி. அந்த நேரம் மேல் வலையில் இரண்டு கொண்டைக்குருவிகள் மோசமாகச் சிக்கிக்கொண்டன என்று அவர் குரல் கொடுத்தார். ஒன்பதாவதைப் பையில் போட்டுக் கிளையில் மாட்டிவிட்டு ஓடினேன். நாங்கள் சிக்கெடுத்துக்கொண்டிருக்கும்போதே மழை வந்துவிட்டது. கோடை மழை, ஐந்து நிமிடம்தான் இருக்கும். அந்த உயரத்தில் ஐந்து நிமிட மழைக்கே விரல் மரத்துப்போகும்.

திரும்பி வந்தபோது பை கனமாகத் தொங்கியது. உள்ளே துணி பறவையோடு ஒட்டிக்கிடந்தது. எடுத்துச் சட்டைக்குள் நெஞ்சோடு வைத்துக்கொண்டேன். அவர் சருகைக் கூட்டி நெருப்பு மூட்டப் பார்த்தார், பற்றவில்லை. எவ்வளவு நேரம் வைத்திருந்தேன் என்று தெரியவில்லை. பிறகு எடுத்துப் பார்த்தால் கண் மூடாமலே போயிருந்தது.

விதி என்ன சொல்கிறது என்று எனக்குத் தெரியும். ஒரு பறவை செத்தாலும் வேலையை நிறுத்திவிட்டுத் தெரிவிக்க வேண்டும், உடலை ஸ்பிரிட்டில் போட்டு ஒப்படைக்க வேண்டும். தெரிவித்தால் அந்தப் பருவத்தின் அனுமதி அன்றோடு முடிந்தது. நான் இன்னும் தெற்கு மலைக்கும் வடக்கு மலைக்கும் போக வேண்டியிருந்தது. மூன்று வருட வேலை. அதையெல்லாம் யோசித்தேன் என்று சொல்வதுகூடப் பொய். வெட்கமாக இருந்தது, அவ்வளவுதான். பேண்டேஜ் துணியில் பை தைத்துக் குருவியைக் கொன்றவள் என்று நாலு பேர் சிரிப்பார்கள் என்ற வெட்கம்.

"நல்லா பறந்துச்சுன்னு எழுதிக்கிறேன் அண்ணே," என்றேன்.

அவர் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டார். பிறகு பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். வருடா வருடம் நீட்டித்தால்தான் உண்டு என்ற வேலையில் இருப்பவர், ஆராய்ச்சிக்கு வந்த அம்மா எழுதியதில் கையெழுத்துப் போடமாட்டேன் என்று சொல்ல முடியாது. அது அன்றைக்கே எனக்குத் தெரிந்திருந்தது, தெரிந்துதான் பேனாவை நீட்டினேன். ஒரு நாவல் மரத்தின் இரண்டு வேர்களுக்கு நடுவே அவர் கத்தியால் குழி தோண்டி, பறவையை வைத்து மூடி, மேலே ஒரு தட்டைக் கல்லை வைத்தார்.

அந்தப் பருவம் முடிவதற்குள் தெற்கு மலையில் யாரும் போகாத ஒரு பள்ளத்தாக்குக்கும் வடக்கு மலையில் ஒரு மூலைக்கும் போய் ரத்தம் எடுத்துவிட்டேன். மூன்று இடத்துக் குப்பிகளும் ராஜபாளையத்தில் என் வீட்டு மேசையில் வந்து சேர்ந்தன. ஆய்வுக்கூடத்திலிருந்து சின்னக் குப்பிகளாக அனுப்பச் சொல்லியிருந்தார்கள். எல்லாவற்றையும் சின்னக் குப்பிக்கு மாற்றிப் புது ஸ்பிரிட் ஊற்றினேன். துண்டுக் காகிதங்கள் சின்னக் குப்பிக்குள் போகவில்லை, சுருட்டினாலும் மேலே நீட்டிக்கொண்டு மூடி சரியாக விழவில்லை. அதனால் வெளியே நீல மார்க்கர் பேனாவால் எழுதினேன். அழியாத மை என்று பேனாவிலேயே போட்டிருந்தது. தண்ணீரில் அழியாதுதான். எனக்குக் கையெழுத்து நன்றாக வரும். வரிசையாக நிறுத்திப் பார்த்தபோது பெருமையாக இருந்தது, போட்டோகூட எடுத்தேன், எழுத்து தெரியாத தூரத்திலிருந்து. பென்சில் துண்டுகளைக் கூட்டிக் குப்பை வண்டியில் போட்டுவிட்டேன்.

மறுநாள் பகல் பஸ்ஸில் மதுரைக்குக் கிளம்பினேன், அங்கிருந்து ரயில். குப்பிப் பெட்டி கண் முன்னால் இருக்கட்டும் என்று முதல் சீட்டில் உட்கார்ந்து, டிரைவருக்குப் பக்கத்தில் இன்ஜின் மூடியின் மேல் வைத்தேன். எங்கள் ஊர் பஸ்ஸில் அந்த மூடியில் மத்தியானத்தில் கை வைக்க முடியாது. எல்லோருக்கும் தெரிந்த விஷயம்; சாமான் வைக்க இடமில்லாதபோது எல்லோரும் அங்கேதான் வைப்பதும் வழக்கம். திருமங்கலம் தாண்டியதும் ஸ்பிரிட் வாடை வந்தது. முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு, குடிகாரன் எவனோ ஏறியிருக்கிறான் என்று பின்னால் திரும்பித் திட்டினாள். நான் பெட்டியைத் திறந்தேன். சூட்டில் மூடிகள் கசிந்து, குப்பிகள் எல்லாம் நீலத் தண்ணீரில் கிடந்தன. ஒன்றிலும் ஒரு எழுத்து இல்லை.

ஆய்வுக்கூடத்தில் எனக்கு வழிகாட்டியாக இருந்த மேடம் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். எதற்கும் ஓட்டிப் பார்ப்போம் என்று எல்லாக் குப்பிகளையும் சோதனைக்கு அனுப்பினார். இரண்டு மாதம் கழித்துக் கூப்பிட்டு, கம்ப்யூட்டரில் உறவுக் கிளைப்படத்தைக் காட்டினார். பாதிக் குப்பிகள் சூட்டில் கெட்டு ஒன்றும் காட்டவில்லை. மீதியில் கொஞ்சம் வடக்குக் கிளையில் போய் உட்கார்ந்திருந்தன. கொஞ்சம் தெற்கில். மூன்று குப்பிகள் மட்டும் இரண்டிலும் சேராமல், வெகு கீழேயே, அதாவது வெகு காலத்துக்கு முன்பே பிரிந்துபோன ஒரு தனிக் கோட்டில் நின்றன.

திரையில் அந்தக் கோட்டைத் தொட்டேன். இது எங்கள் மலை மேடம் என்றேன். எப்படித் தெரியும் என்று கேட்டார். நான் போன மூன்று இடமும் அதற்கு முன்னால் யாரும் ரத்தம் எடுக்காத இடங்கள், தனிக் கிளை அதில் எதிலும் இருக்கலாம். மற்ற இரண்டு இடத்துக்கும் ஆள் அனுப்பி, அங்கே இல்லை என்று காட்டினால்கூட, இங்கே இருக்கிறது என்பதற்கு அது சாட்சி ஆகாது. கசிந்து கலந்த பெட்டியை வைத்து ஒரு மலைக்கு ஒரு இனம் என்று எழுதினால் யாரும் ஏற்கமாட்டார்கள். ஏற்கவும் கூடாது.

"ஒரு சொட்டு போதும்," என்றார் மேடம். "அந்த மலையிலிருந்து, இன்ன இடம் என்று எழுதின ஒரே ஒரு சொட்டு."

ஒரு சொட்டுக்காக மூன்று பருவம் அலைந்தோம். முதலில் அனுமதி வர ஒரு வருடம் போனது. அந்த வருடக் கோடையில் மேல் புல்வெளியில் தீப் பிடித்தது. சோலைக்குள் தீ நுழையாது என்று புத்தகத்தில் இருக்கிறது, நானும் பாடத்தில் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன். இரண்டு வருடம் மழை சரியாக இல்லாததால் இந்த முறை நுழைந்திருந்தது. நாங்கள் போனபோது பாதிச் சோலை கருகி நின்றது. மீதிப் பாதியில் தரை காய்ந்து, நடந்தால் சருகு நொறுங்கியது. ஈரத் தரையில் புழு பொறுக்குகிற பறவைக்கு அங்கே என்ன வேலை?

வலை கட்டினோம். கொண்டைக்குருவி விழுந்தது, வெள்ளைக்கண்ணி விழுந்தது. விடியற்காலையில் பாட்டு இல்லை. முன்னால் அங்கே பதிவுசெய்த பாட்டைப் போனில் வைத்துச் சின்ன ஸ்பீக்கரில் போட்டோம். சொந்தக் காட்டுக்குள் அந்நியன் பாடினால் சோலைக்கிளி சண்டைக்கு வந்துவிடும். நாலடி தூரத்தில் வந்து நின்று கத்தும். ஒன்றும் வரவில்லை. அடுத்த வருடமும் போட்டோம். அதற்கடுத்த வருடம் அவர் ஸ்பீக்கரை அமர்த்திவிட்டு, போதும் டீச்சர், கேக்க ஒருமாதிரி இருக்கு என்றார். எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது, தீயின் மேல், மழையின் மேல், முக்கால்வாசி என் மேல்.

அன்று கட்டுச்சோற்றைப் பிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது அவர்தான் ஆரம்பித்தார்.

"குழி இருக்குல்லா டீச்சர்."

மூன்று வருடமாக நானும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். சொல்ல வாய் வரவில்லை. எங்கள் மலையில்தான் பிடித்தது என்று சந்தேகமில்லாமல் சொல்லக்கூடிய ஒரே பறவை அந்த நாவல் மரத்தடியில் இருந்தது. காலில் வளையம் இருக்கிறது. ஸ்பிரிட்டில் கரையாத எண். ஒரு எலும்புத் துண்டு கிடைத்தால் போதும், பதிவேட்டில் அந்த எண்ணுக்கு நேரே எங்கள் மலை என்று என் கையாலேயே எழுதியிருக்கிறேன். அதே வரியில் நன்றாகப் பறந்தது என்றும் எழுதியிருக்கிறேன். எலும்பைக் காட்டினால் பொய்யையும் காட்ட வேண்டும். காட்டிவிடலாம் என்று முடிவு செய்தேன். அந்தத் தனிக் கோட்டுக்கு எங்கள் மலையின் பெயரைப் போட முடிந்தால் என் பெயர் எக்கேடு கெட்டாலும் பரவாயில்லை என்று இருந்தது. அன்றைக்கு அது உண்மையாகவே தோன்றியது.

பத்து நாள் கழித்து மறுபடி ஏறினோம். பாத்திரக் கடையில் மாவு சலிக்கிற சல்லடை ஒன்று வாங்கிப் போயிருந்தேன். நாவல் மரம் நின்றது. அது தீப் படாத பாதியில் இருந்தது. தட்டைக் கல்லும் அப்படியே இருந்தது. கல்லைப் புரட்டி, கையால் மண்ணை வாரி வாரிச் சல்லடையில் போட்டார். நான் சலித்தேன். கருப்பு மண், வேர்த் துணுக்கு, வண்டின் ஓடு. நாலாவது சலிப்பில் சல்லடையில் ஏதோ தட்டியது. வளையம். ஊதி, துடைத்து, எண்ணைப் பார்த்தேன். அதேதான்.

வேறு ஒன்றும் இல்லை. குழியை முழங்கை ஆழத்துக்குத் தோண்டினோம். எலும்பு இல்லை, நகம் இல்லை, ஒரு இறகின் தண்டுகூட இல்லை. சோலை மண்ணில் புளிப்பு அதிகம், அதில் குருவி எலும்பு ரொம்ப நாள் நிற்காது. இதுவும் பாடத்தில் இருக்கிறது. இருந்தாலும் வளையம் கிடந்த இடத்து மண்ணைக் குப்பிகளில் எடுத்து, ஒவ்வொன்றிலும் பென்சிலால் எழுதிய துண்டைப் போட்டேன். ஒவ்வொரு துண்டையும் அவர் வாங்கி ஒரு தடவை பார்த்துவிட்டுத் தந்தார்.

மண்ணிலிருந்து எதையும் எடுக்க முடியவில்லை என்று ஆய்வுக்கூடத்திலிருந்து பதில் வர ஆறு வாரம் ஆனது. அவருக்கு நேரில் சொல்ல வேண்டும் என்று ஒரு காலையில் செண்பகத்தோப்புக்குப் போனேன். செக்போஸ்டுக்குப் பக்கத்தில் மரத்தடியில் நின்று சொன்னேன். வடக்கா தெற்கா என்று கேட்டீர்களே அண்ணே, இனிமேல் அது தெரியாது. எனக்கும் தெரியாது, வேறு யாருக்கும் தெரியப் போவதில்லை. தனியாக ஒரு கிளை இருந்தது, அது இங்கே உள்ளதாக இருக்கலாம், அவ்வளவுதான் சொல்ல முடியும். அவர் மலையைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். சின்ன வயதிலிருந்து அவர் காதில் விழுந்த பாட்டு அது. எனக்கு அது ஒரு ஆராய்ச்சி.

பிறகு பதிவேட்டைப் பற்றிப் பேசினேன். எலும்பு கிடைக்கவில்லை, ஆகவே இனி யாருக்கும் எதையும் காட்ட வேண்டியதில்லை. அந்த வரி அப்படியே இருந்துவிட்டுப் போகட்டும், உங்களுக்கும் அதில் கையெழுத்து இருக்கிறது, வேலைக்குச் சிக்கல் வரும் என்றேன். அவருக்காகப் பேசுவது போலத்தான் பேசினேன். ஆறு வாரத்துக்குள் என் துணிச்சல் எங்கே போனது என்று தெரியவில்லை.

"எழுதிருங்க டீச்சர்," என்றார். "பறந்து போச்சுன்னு எழுதிக் கெடந்தா, எங்கனயோ இருக்குன்னு நெனச்சுப் பின்னால வாரவுக தேடுவாக. நாம அலஞ்சது பத்தாதா?"

அன்றே வீட்டுக்கு வந்து பதிவேட்டை எடுத்தேன். ஒன்பதாவது வரியில் 'நன்றாகப் பறந்தது' என்பதை ஒரே கோடாக அடித்துவிட்டு, 'செத்தது' என்று எழுதித் தேதி போட்டேன். வன அலுவலகத்துக்கும் மேடத்துக்கும் கடிதம் எழுதினேன். சாட்சிக் கையெழுத்து என் வற்புறுத்தலால் போடப்பட்டது, அவர் மேல் தவறில்லை என்று முதல் வரியிலேயே எழுதினேன். மேடம், கடிதம் கிடைத்தது என்று மட்டும் பதில் அனுப்பினார். கூட வந்த அண்ணனுக்கு இந்த வருடம் வேலை நீட்டிப்பு வரவில்லை. என் கடிதத்தாலா, ஆள் குறைப்பாலா என்று வன அலுவலகத்தில் கேட்டேன். சொல்லவில்லை. இப்போது தளவாய்புரம் பக்கம் ஒரு மாந்தோப்பில் காவலுக்கு இருக்கிறார். போன் செய்தால் எடுக்கிறார், நன்றாகப் பேசுகிறார், அதனால்தான் என்னால் அடிக்கடி செய்ய முடிவதில்லை.

மேடம் தயாரித்த கிளைப்படம் இப்போது அச்சாகி வந்திருக்கிறது. நேர்மையான வேலை, தெரிந்ததை மட்டும் போட்டிருக்கிறார்கள். எங்கள் மலை அதில் இல்லை.

பதிவேடு என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. முதல் எட்டு வரிகளிலும் நன்றாகப் பறந்தது என்றுதான் எழுதியிருக்கிறது. அவை பொய் இல்லை. என் கையிலிருந்துதான் பறந்தன, இரண்டு பேரும் பார்த்தோம். அதனால் அவற்றை அடிக்க முடியாது. போன மாதம் வெளியூரிலிருந்து ஒரு ஆராய்ச்சி மாணவி அந்தப் பதிவேட்டின் நகலைக் கேட்டு வாங்கிப் படித்துவிட்டு எழுதியிருந்தாள். எட்டுப் பறவைகள் பறந்திருக்கின்றனவே மேடம், நான் போய்த் தேடிப் பார்க்கட்டுமா என்று கேட்டிருந்தாள். இன்னும் பதில் எழுதவில்லை.